மலைக்குளிரில் வி.ஆர். லென்ஸ் மங்காமல் இருக்க: படிப்படியான முழு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் புதிதாக வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மூடி முகத்தில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சிகளைப் பார்க்கும் கருவி) வாங்குகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "லென்ஸ் சரியில்லை போலிருக்கே, மாத்திக் கேக்கலாமா?" என்பதுதான். மாட்டிய அரை நிமிடத்தில் படம் வெளுத்துவிடுகிறது. கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடியும் அதே கதை. லென்ஸில் கோளாறு எதுவும் கிடையாது. குளிர்ந்து கிடக்கும் லென்ஸின் முன்னால் சூடான முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம், அவ்வளவுதான்.

இதைத் தடுப்பதில் வரிசை முக்கியம். முதலில் லென்ஸுக்குச் சூடு, அப்புறம் முகத்தின் ஈரம், அதற்குப் பிறகே காற்றோட்டம். புதியவர்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்: ஸ்பிரே வாங்குகிறார்கள், மின்விசிறி வாங்குகிறார்கள், லென்ஸ் மட்டும் குளிராகவே கிடக்கிறது. கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஈரம் எங்கிருந்து வருகிறது?

வெளியே மூடுபனி மிதப்பதைப் பார்த்து, அதுதான் உள்ளே புகுந்து படிகிறது என்று நினைப்போம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 12 டிகிரி செல்சியஸில் காற்று முழுக்க ஈரமாகவே இருந்தாலும், ஒரு கன மீட்டரில் சுமார் 10.7 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 32 டிகிரியில், 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் சென்னைக் காற்றில் அது கிட்டத்தட்ட 24 கிராம். அதாவது மலைக்காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீர் சென்னையில் இருப்பதில் பாதிகூட இல்லை.

ஆனால் நாம் விடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரிச் சூட்டில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று 37 கிராமுக்கும் மேல் நீராவியைச் சுமக்கும். முகத் தோலும் ஓயாமல் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஈரக்காற்று 12 டிகிரி லென்ஸைத் தொட்டதும், சுமக்க முடியாத தண்ணீரை அங்கேயே இறக்கிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. லென்ஸ் சூடாக இருந்தால் ஈரம் படிய இடமில்லை. இரண்டாவது, வெளிக்காற்று நமக்கு எதிரி இல்லை. கொஞ்சம் உள்ளே வந்துபோனால் முகத்தருகே தேங்கும் ஈரத்தை அது குறைக்கவே செய்யும். ஹெட்செட்டை இறுக்கி மூடி மாட்டுகிறவர்களுக்குத்தான் தொல்லை அதிகம்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

காற்றுப் புகாத மூடி உள்ள ஒரு பெரிய டப்பா. ஹெட்செட் அழுத்தம் இல்லாமல் உள்ளே உட்கார வேண்டும். மூடியில் ரப்பர் பட்டை இருந்தால் நல்லது.

நிறம் மாறும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறத்தில் இருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். நீலத்தில் இருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்களை நம்ப முடியாது. அவை பெரும்பாலும் நம் கைக்கு வரும்போதே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும்.

சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று. டப்பாவுக்குள் போட்டு வைக்க.

மைக்ரோஃபைபர் துணி இரண்டு: ஒன்று லென்ஸுக்கு மட்டும், இன்னொன்று மற்ற பாகங்களுக்கு. இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும், அவசரத்தில் மாறிப் போகாது.

முகத்தில் பொருந்தும் ஃபோம் பகுதியை இனி முகப்பட்டை என்று சொல்கிறேன். கூடுதலாக ஒன்று இருக்கட்டும். மழைக்காலத்தில் இங்கே ஃபோம் ஒரு நாளில் காயாது. ஒன்று காயும்போது இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

முகம் துடைக்க ஒரு பருத்தித் துண்டு, கொஞ்சம் காகித ஒட்டுநாடா. நாடா எதற்கு என்பது 5-ஆம் படியில் வரும்.

3. முந்தின இரவு ஹெட்செட் இருக்கும் இடம்

ஜன்னல் திண்டு, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, சிமென்ட் தரை: இந்த மூன்றிலும் ஹெட்செட்டை இரவில் விடாதீர்கள். அறையிலேயே அதிகம் குளிரும் இடங்கள் இவை. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லில் உறைபனி விழும் இரவுகளில், ஜன்னலோரப் பொருள் எல்லாம் ஜில்லிட்டுப் போய்விடும். காலையில் அதே லென்ஸைச் சூடாக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

உட்சுவரை ஒட்டிய மர அலமாரி நல்ல இடம். டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல்லோடு, மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வர வழி பிறக்கும். மலையில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டால் வீட்டில் எடுக்க வழியே இல்லை.

ஈரமான ஃபோமோடு சேர்த்து டப்பாவில் பூட்டுவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு. அப்படிச் செய்தால் டப்பாவே ஈரப் பெட்டியாகிவிடும். முகப்பட்டையைத் தனியாகக் கழற்றிக் காயவிட்டு, ஹெட்செட்டை மட்டும் உள்ளே வையுங்கள்.

4. அறையைத் தயார் செய்வது

அரை மணி நேரம் முன்பே அறையின் குளிரை முறித்துவிடுங்கள். மின்சார ரூம் ஹீட்டர் போதும். அறை 18, 20 டிகிரிக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஹீட்டரை ஹெட்செட்டுக்கு நேராகத் திருப்பாதீர்கள். லென்ஸ் பிளாஸ்டிக், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பூச்சுக்குக் கேடு. விளையாடும் எல்லைக்குள்ளும் ஹீட்டர் இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கை வீசும் ஆளின் பக்கத்தில் சிவந்த கம்பி இருப்பது ஆபத்து. விளையாட்டு தொடங்கும் முன் அணைத்து, ஒயரையும் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.

கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் மூடிய அறைக்குள் கொண்டுவர வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வி.ஆரில் மூழ்கி இருப்பவருக்குத் தலை சுற்றினால், விளையாட்டால் வந்த சுற்றல் என்றே நினைத்துக்கொள்வார். இந்த விஷயத்தில் சமரசமே கூடாது.

கேஸ் அடுப்பும் இந்த வேலைக்கு ஆகாது. 1 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாக வெளியேறும். அறை சூடாகும், கூடவே ஈரமும் ஏறும். சமையலறையை ஒட்டிய ஹாலில் விளையாடுகிறவர்கள் நடுக்கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மழை மாதங்களில் துவைத்த துணியை வீட்டுக்குள்தான் கொடி கட்டிக் காயவைப்போம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் இது எல்லா வீட்டிலும் உண்டு. அந்த அறையில் ஹெட்செட்டை மாட்டாதீர்கள். வேறு இடமே இல்லை என்றால் துணியை எடுத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து மூடி, அதற்குப் பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.

5. லென்ஸைச் சூடாக்குவது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஹெட்செட்டுக்குள் இருக்கும் திரையும் செயலியுமே ஹீட்டர் வேலையைச் செய்யும். நாம் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் ஹெட்செட்டை ஆன் செய்யுங்கள். கழற்றி வைத்ததும் அது தூங்கிவிடும். முகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் ஒன்று இரண்டு லென்ஸுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே இருக்கிறது. அதன் மேல் மட்டும் நகம் அளவு காகித நாடாவை ஒட்டினால் திரை எரிந்துகொண்டே இருக்கும். லென்ஸில் நாடா படக் கூடாது. அமைப்புகளில் தூங்கப்போகும் நேரத்தை நீட்டித்து வைப்பதும் உதவும்.

அடுத்து, கிராஃபிக்ஸ் அதிகம் உள்ள, வெளிச்சமான ஒரு விளையாட்டைத் திறந்து விடுங்கள். இருட்டான முகப்புத் திரையில் விட்டால் சூடு மெதுவாகத்தான் ஏறும். மெட்டா நிறுவனத்தின் க்வெஸ்ட் 2, க்வெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டுகளில் இருப்பது எல்.சி.டி. திரை, பின்னால் எரியும் விளக்கின் சூடு லென்ஸுக்கு வந்து சேரும், செயலி உழைக்கும் சூடு உடல் முழுக்கப் பரவும்.

மூன்றாவது, உலர்ந்த துண்டை நான்காக மடித்து மர மேஜையில் விரித்து, அதன் மேல் லென்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். முகப்பட்டை துண்டில் அமர்ந்து வாயை மூடிக்கொள்ளும். உள்ளே எழும் சூடு தங்கும். மேல்பக்கமும் ஓரத்திலும் உள்ள காற்றுத் துளைகளை மட்டும் மூடக் கூடாது. ஹெட்செட் முழுவதையும் சால்வையில் சுற்றி வைப்பவர்கள் உண்டு. உள்விசிறிக்கு மூச்சு முட்டி, அதிகச் சூடு என்று எச்சரித்து அதுவே அணைந்துவிடும்.

அறை 18 டிகிரியில் இருந்தால் 10 நிமிடம், 12 டிகிரியில் இருந்தால் 20 நிமிடம் வரை விடுங்கள். இரண்டு மணி நேரம் ஓடும் பேட்டரியில் இந்தச் செலவு கொஞ்சம்தான். முன்னதாகவே சார்ஜரில் போட்டு, அப்படியே சூடாக்கத் தொடங்கினால் இன்னும் வசதி. சார்ஜ் ஏறும்போதும் உடல் இளஞ்சூடாகும். மழைநாளில் மின்சாரம் போனாலும் பேட்டரி நிறைந்திருக்கும்.

சூடு போதுமா என்று பார்க்க லென்ஸைத் தொடாதீர்கள். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, வாயைத் திறந்து மெல்ல ஒரு 'ஹா' விடுங்கள். உற்றுப் பாருங்கள். குளிர்ந்த லென்ஸில் வெண்படலம் முழுதாகப் பரவி, நாலைந்து நொடி அப்படியே நிற்கும். அப்புறம் ஓரத்தில் இருந்து மெதுவாகச் சுருங்கும். சூடான லென்ஸில் படலம் விழுந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு நொடியில் மறைந்தால் தயார்.

முடிந்ததும் நாடாவை எடுத்துவிடுங்கள். மறந்தால் கழற்றி வைத்த பிறகும் திரை எரிந்து பேட்டரி தீர்ந்துவிடும்.

பிளேஸ்டேஷன் போன்றவற்றோடு கம்பியில் இணைக்கும் ஹெட்செட்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். கணக்கு போடும் செயலி ஹெட்செட்டுக்கு வெளியே இருப்பதால் உள்ளே பிறக்கும் சூடு குறைவு. கைப்பேசியைச் செருகும் மலிவுப் பெட்டியில் லென்ஸ் தானாகச் சூடாவதே இல்லை. பள்ளிகளில் இதுதான் அதிகம். அதற்கு ஒரு வழி: ரப்பர் வெந்நீர்ப் பையில் பாதி நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் வையுங்கள். மேல் துண்டு கைக்கு இதமாக இருக்கும் அளவுக்கு மேல் சூடு வேண்டாம், பை லென்ஸில் படவும் வேண்டாம்.

ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்து லென்ஸில் அடிப்பது, இட்லிப் பாத்திரத்தின் மேல் காட்டுவது, கணப்பின் முன் பிடிப்பது: எதுவுமே வேண்டாம்.

6. முகத்தைத் தயார் செய்வது

மேட்டில் ஏறி வந்த உடனே மாட்டாதீர்கள். இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் பத்துப் படியாவது ஏற வேண்டியிருக்கும். குளிரில் வேர்ப்பது தெரியாது, ஆனால் நெற்றியில் ஈரம் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மூச்சு நிதானமானதும் பருத்தித் துண்டால் நெற்றி, கண்ணோரம், மூக்கின் இரு பக்கம் மூன்றையும் ஒற்றி எடுங்கள்.

சூடான டீ குடித்தவர்கள் பத்து நிமிடம் பொறுக்கட்டும். டீயோடு வர்க்கி சாப்பிட்டிருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும்; அதன் நெய்ப்பசை லென்ஸில் ஒட்டினால் உலர்ந்த துணியால் முழுதாக எடுக்க முடியாது, பசை உள்ள இடத்தில் ஆவியும் திட்டுத் திட்டாகப் படியும்.

நீலகிரித் தைலம் இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. சளி பிடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் தடவுவோம். அந்த முகத்தோடு ஹெட்செட் மாட்டக் கூடாது. தைலம் ஆவியாகி லென்ஸில் படலமாகப் படியும், ஃபோமில் இறங்கினால் வாசனை லேசில் போகாது, சில வகை பிளாஸ்டிக்கை அது அரிக்கவும் செய்யும். முகத்தைக் கழுவி, நன்றாக உலர்த்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். முகக் கிரீம், வாசலின் தடவியவர்களுக்கும் இதேதான்.

மஃப்ளரை மூக்கு வரை இழுத்துவிட்டு, அதன் மேல் ஹெட்செட் மாட்டுகிறார்கள். மூச்சு கீழே இறங்க வழியில்லாமல் நேராக லென்ஸுக்கு ஏறுகிறது. மஃப்ளர் கழுத்தோடு நிற்கட்டும். முகக்கவசம் போட்டே ஆக வேண்டும் என்றால், மூக்குத் தண்டில் உள்ள கம்பியை நன்றாக அழுத்தி, மேல் விளிம்பைக் காகித நாடாவால் தோலோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

குத்துச்சண்டை, நடனம் மாதிரி உடம்பு அசையும் விளையாட்டு என்றால் ஸ்வெட்டரை முன்பே கழற்றிவிடுங்கள். முதல் பாட்டு முடிவதற்குள் குளிர் தெரியாமல் போய்விடும். ஸ்வெட்டரோடு ஆடினால் கழுத்து வழியாக ஏறும் உடல் சூடும் வேர்வையும் நேரே முகப்பட்டைக்குத்தான் வரும்.

7. மாட்டும் விதமும் காற்று வழியும்

லென்ஸ் சூடாகி, முகம் உலர்ந்த பிறகே இந்தப் படி.

பட்டையை இறுக்கி முகத்தோடு அழுத்தும் பழக்கத்தை விடுங்கள். தலைக்குப் பின்னால் உள்ள பிடி கீழே இறங்கி இருந்தால் முன்பக்கப் பாரத்தை அது தாங்கும். முன்னால் அழுத்தம் குறையும். கன்னத்தருகே ஒரு சுண்டுவிரல் நுனி நுழையும் இடம் இருந்தாலும் படம் தெளிவாகத் தெரிந்தால், அதுவே சரியான இறுக்கம்.

க்வெஸ்ட் 3-இல் முகப்பட்டையை நான்கு நிலைகளில் முன்பின் நகர்த்தலாம். ஒரு நிலை தள்ளி வைத்துப் பாருங்கள். பார்வைப் பரப்பு கொஞ்சம் குறையும், காற்று புழங்க இடம் கிடைக்கும். க்வெஸ்ட் 2 பெட்டியிலேயே மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கென்று ஒரு இடைவெளிச் சட்டம் வந்திருக்கும். கண்ணாடி போடாதவர்களும் அதைப் பயன்படுத்தலாம்.

சிலிக்கோன் உறையை மழைக்காலத்தில் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. கழுவ வசதி, உண்மைதான். ஆனால் அது காற்றை முழுதாக அடைத்துவிடுகிறது, ஈரத்தை உறிஞ்சுவதும் இல்லை. பலர் பயன்படுத்தும் இடத்தில் சுத்தத்துக்காக அது கட்டாயம் என்றால், ஓரத்தில் காற்றுத் துளை உள்ளதாக வாங்குங்கள். வெளிச்சம் வராமல் தடுக்க மூக்கருகே வைக்கும் மடிப்பையும் குளிர்நாளில் எடுத்துவிடுங்கள்.

சிறு மின்விசிறி பதித்த முகப்பட்டைகளும் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. முதல் படியில் சொன்ன கணக்குப்படி, மலைக்காற்றை உள்ளே இழுப்பது நல்லதே. ஆனால் குளிர்ந்த லென்ஸில் முதல் நிமிடத்தில் விழும் மூட்டத்தை அது தடுத்துவிடாது. நீண்ட நேரம் ஆடுகிறவர்கள் மட்டும் வாங்கலாம்.

8. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள்

கண்ணாடியோடு மாட்டினால் மங்கும் பரப்பு கூடுகிறது: கண்ணாடியின் இரு பக்கம், ஹெட்செட் லென்ஸ். கண்ணாடியையும் சூடாக்க வேண்டும். ஹெட்செட் தயாராகும் வரை கண்ணாடியைச் சட்டைப் பைக்குள், உடம்பை ஒட்டி வைத்திருங்கள்; அது போதும்.

மூக்குக்கண்ணாடிக்கென்றே விற்கும் மங்கல் தடுப்புத் துணியை அதில் பயன்படுத்தலாம். ஹெட்செட்டுக்குள் பொருத்தும் பவர் லென்ஸ் வைத்திருந்தால், ஹெட்செட்டைச் சூடாக்கும்போதே அதையும் பொருத்தி வையுங்கள். கடைசி நிமிடத்தில் குளிராக எடுத்துப் பொருத்தினால், சூடான லென்ஸின் முன்னால் ஒரு குளிர்ந்த லென்ஸை வைத்த மாதிரிதான்.

9. நடுவில் மங்கினால் எங்கே மங்குகிறது என்று பாருங்கள்

"சார், ஒண்ணுமே தெரியல" என்று பிள்ளைகள் சொன்னதும் கழற்றி வாங்கித் துடைக்க ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பக்கம் முதலில் மங்கியது என்று கேளுங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு லென்ஸும் ஒரே சீராக, மாட்டிய உடனே வெளுத்தால் லென்ஸ் சூடாகவில்லை. 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

மூக்குப் பக்கம் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் தொடங்கி மேலே ஏறினால் மூச்சுதான். மஃப்ளர், முகக்கவசம், மூக்கு மடிப்பு மூன்றையும் பாருங்கள். வாயால் மூச்சு விடுகிறவர்களை மூக்கால் விடச் சொல்லுங்கள்.

மேல் ஓரத்தில் இருந்து இறங்கினால் நெற்றி வேர்வை. கழற்றி, நெற்றியைத் துடைத்து, முகப்பட்டையை மாற்றுங்கள்.

கால் மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு மெதுவாக மங்கினால், முகப்பட்டை ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது. அதற்கும் மாற்றுப் பட்டைதான் வழி.

ஒரு கண்ணில் மட்டும், துடைத்தாலும் போகாமல் இருந்தால் ஈரம் லென்ஸுக்கு உள்ளே இருக்கிறது. உடனே அணைத்து, புதிதாகச் சூடாக்கிய சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூள் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் இருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

படம் தெளிவாக இருந்தும் திரையில் தெரியும் கைகள் தாறுமாறாக ஓடினால், நம் கை அசைவைக் கவனிக்கும் வெளிப்பக்கக் கேமராக்களில் ஆவி படிந்திருக்கலாம். குளிரில் இருந்து கதகதப்பான அறைக்கு எடுத்து வந்ததும் இப்படி நடக்கும். மென்மையாக ஒற்றி எடுத்தால் சரியாகிவிடும்.

10. துடைப்பதும் ஸ்பிரேயும்

மங்கியதும் கை தானாக ஸ்வெட்டர் நுனிக்குப் போகிறது. கம்பளியில் ஒட்டியிருக்கும் தூசி பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் போடும். க்வெஸ்ட் 2, 3எஸ் போன்றவற்றில் லென்ஸ் முழுக்க வளைய வளையமாக நுண்கோடுகள் இருக்கின்றன. அழுக்கு அந்தக் கோடுகளுக்குள் போய்ச் சேர்ந்தால் வெளிச்சமான எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியத் தொடங்கும்.

லென்ஸுக்கென்று வைத்த மைக்ரோஃபைபர் துணியால், நடுவில் இருந்து வெளியே, அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். அதற்கு முன்னால் தூசியை ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள்.

மங்கல் தடுப்பு ஸ்பிரே, சானிடைசர், ஸ்பிரிட், சோப்புத் தண்ணீர், உருளைக்கிழங்குச் சாறு எதையும் ஹெட்செட் லென்ஸில் போடாதீர்கள். க்வெஸ்ட் தயாரிக்கும் மெட்டா சொல்வதும் உலர்ந்த லென்ஸ் துணி மட்டும், திரவமோ ரசாயனமோ வேண்டாம் என்பதுதான். நல்ல ஸ்பிரேகூட ஈரத்தைத் தடுப்பதில்லை. படியும் ஈரத்தைத் துளித்துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாக விரிக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு அது சரி. பூச்சு போன ஹெட்செட் லென்ஸை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

11. பலர் மாறி மாறிப் பார்க்கும்போது

பள்ளி, தங்கும் விடுதி போன்ற இடங்களில் சூடான ஹெட்செட்டைச் சூடாகவே அடுத்தவர் கைக்குக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் கழற்றும்போது அடுத்தவர் முகம் துடைத்துத் தயாராக நிற்கட்டும். நடுவில் ஐந்து நிமிடம் மேஜையில் கிடந்தால் பாதிச் சூடு போய்விடும். அப்படி வைக்க வேண்டி வந்தால் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். நாலைந்து பேருக்கு ஒருமுறை முகப்பட்டையை மாற்றுங்கள். கிருமிநாசினித் துணியால் பட்டையைத் துடைத்தால், அது காய்ந்த பிறகே அடுத்தவருக்கு. ஈரம் இருக்கும்போதே மாட்டினால் நாமே லென்ஸுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்த மாதிரி ஆகிவிடும்.

12. முடிந்த பிறகு உலர்த்துவது

முகப்பட்டையைக் கழற்றித் தனியே காற்றில் விடுங்கள். ஹெட்செட்டை லென்ஸ் துணியால் மூடி, அறைச் சூட்டில் அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் டப்பாவில் வையுங்கள். சூடாக இருக்கும்போதே பூட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் டப்பாவுக்குள்ளேயே படியும்.

சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால், பொட்டலத்தில் இருந்து மணிகளைக் கொட்டி, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய வாணலியில் சிறு தீயில் நிறம் திரும்பும் வரை சூடாக்குங்கள். மூடிய எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். திறந்து ஆறவைத்தால் ஆறும்போதே ஈரத்தை மறுபடி குடித்துவிடும்.

இனி வெயில். பல நாள் மழைக்குப் பிறகு சூரியன் எட்டிப் பார்த்ததும் மெத்தை, ஷூ, கம்பளி எல்லாவற்றையும் முற்றத்தில் போடுவோம். ஹெட்செட்டை மட்டும் போடவே கூடாது. லென்ஸ் சூரிய ஒளியை உள்ளே இருக்கும் திரையில் குவித்துவிடும். மிகக் குறைந்த நேரத்தில் திரையில் கரும்புள்ளி விழும், அதற்குப் பரிகாரமே இல்லை. ஜன்னல் வழியாக வரும் வெயிலும் இதே வேலையைச் செய்யும். முகப்பட்டையை மட்டும் தாராளமாக வெயிலில் போடுங்கள்.

13. மலை ஏறும்போதும் இறங்கும்போதும்

மேட்டுப்பாளையத்தில் இருந்தோ வத்தலக்குண்டில் இருந்தோ ஏறும்போது, பைக்குள் அடைபட்ட சமவெளிக் காற்று மேலே போகப் போகக் குளிர்ந்து ஈரத்தைக் கக்கும். கிளம்பும் முன்பே பையில் சிலிக்கா ஜெல் போட்டுவிடுங்கள். கொடைக்கானலோ ஊட்டியோ போய்ச் சேர்ந்ததும், ஹெட்செட்டை எடுத்துப் பார்த்துவிட்டு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

இறங்கும்போதுதான் அதிக கவனம் வேண்டும். ஜில்லென்ற ஹெட்செட்டைக் கோயம்புத்தூரில் திறந்தால், அந்த ஊரின் ஈரக்காற்று லென்ஸில் மட்டுமல்ல, உள்ளே மின்சுற்றிலும் படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் விடுங்கள். மின்விசிறியின் கீழே திறந்து வைத்துச் சீக்கிரம் பண்ணப் பார்க்காதீர்கள். அது ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு வெளியே எடுத்து, சார்ஜ் துளை உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம் சார்ஜரைச் செருகுங்கள். துளையில் ஈரம் இருப்பதாக எச்சரிக்கை வந்தால் உடனே பிடுங்கிவிட்டு, இன்னும் சில மணி நேரம் காயவிடுங்கள்.